பிளேஆஃப்: ஆடித் தீர்ப்பது

2025 ஏப்ரல் 6 அன்று பனி ஹாக்கி வீரர் அலெக்ஸ் ஓவெச்கின் தன் 895ஆவது கோலைப் போட்டார். வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் வெய்ன் கிரெட்ஸ்கி 894 கோலோடு வைத்திருந்த சாதனை அன்று கைமாறியது. அந்தச் செய்தியைப் படித்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “கிரெட்ஸ்கி ஆயிரத்துக்கு மேல் கோல் போட்டவர் என்று எங்கோ படித்தேனே, அப்புறம் 895 எப்படிச் சாதனையாகும்?”

அவர் படித்ததும் சரிதான். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் மட்டும் கிரெட்ஸ்கி 122 கோல் போட்டிருக்கிறார். 894ஐயும் 122ஐயும் கூட்டினால் 1016. ஆனால் வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் இந்த இரண்டையும் யாரும் ஒரே கணக்கில் எழுதுவதில்லை. லீக் ஆட்டங்களுக்கு ஒரு பேரேடு, பிளேஆஃபுக்கு வேறொரு பேரேடு.

நமக்கு இது புதிதாகத் தோன்றும். பிளேஆஃப் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது ஐ.பி.எல். கிரிக்கெட். 2011இல் அரையிறுதி முறையை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். அங்கே கணக்கு ஒன்றுதான். 2016இல் விராட் கோலி எடுத்த 973 ரன்னில், இறுதி ஆட்டத்தில் எடுத்த 54 ரன்னும் அடக்கம். என்.எச்.எல். முறைப்படி எழுதினால் அந்த 54 வேறு பக்கத்துக்குப் போயிருக்கும். ஒரு விளையாட்டு ஏன் தன் கணக்கை இப்படி இரண்டாகப் பிரிக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனால், பிளேஆஃப் என்ற சொல்லின் பொருளே கையில் கிடைக்கிறது.

‘பிளே’ என்றால் ஆடு. அது எல்லோருக்கும் தெரியும். சூட்சுமம் ‘ஆஃப்’ என்ற சின்ன ஒட்டில் இருக்கிறது. கடனை ‘பே ஆஃப்’ செய்தேன் என்றால் பாக்கியில்லாமல் அடைத்துவிட்டேன் என்று பொருள். ‘ஃபினிஷ் ஆஃப்’ என்றால் மிச்சம் வைக்காமல் முடிப்பது. வினையோடு சேர்ந்து, இனி அதில் எதுவும் பாக்கி இல்லை என்று சொல்வதுதான் அந்த ஒட்டின் வேலை. அப்படியானால் ‘பிளே ஆஃப்’ என்பது, முடிவு தெரியாமல் நிற்கும் ஒன்றை ஆடி முடிவுக்குக் கொண்டுவருவது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது பெயர்ச்சொல்லாக நிலைத்தபோது இருந்த பொருள் இன்னும் குறுகலானது: இருவர் சமநிலையில் நின்றால், யார் பெரியவர் என்று தீர்மானிக்க ஆடும் கூடுதல் ஆட்டம்.

பனி ஹாக்கியில் இந்தச் சொல் எப்படிப் பிறந்ததோ அப்படியே நடந்தும் காட்டியிருக்கிறது. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் கொடுத்த கோப்பை, அடுத்த ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்டது. அப்போது பிளேஆஃப் எதுவும் கிடையாது. லீகில் முதலிடம் பிடித்தவருக்குக் கோப்பை. 1894இல் சிக்கல் வந்தது. ஐந்து அணிகள் ஆடிய லீகில் நான்கு அணிகள் தலா 5 வெற்றி, 3 தோல்வியோடு ஒரே இடத்தில் வந்து நின்றன. யாருக்குக் கொடுப்பது? மாண்ட்ரியலில் கூடுதல் ஆட்டங்கள் வைத்தார்கள். கியூபெக் அணி விலகிக்கொண்டது. மார்ச் 17 அன்று மாண்ட்ரியல் அணி விக்டோரியாஸ் அணியை 3-2 என்று வென்றது. பிறகு ஆட்டாவாவை 3-1 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தது. ஸ்டான்லி கோப்பையின் முதல் பிளேஆஃப் ஆட்டங்கள் இவைதான். நான்கு பேருக்குள் நின்ற வழக்கை ஆடித் தீர்த்தார்கள்.

கோல்ஃபில் இன்றுவரை அந்தப் பழைய பொருள்தான். 2008 அமெரிக்க ஓபனில் டைகர் உட்ஸும் ராக்கோ மீடியேட்டும் சமமாக முடித்ததால், மறுநாள் 18 குழி பிளேஆஃப் ஆடினார்கள். அதிலும் சமம் வர, இன்னும் ஒரு குழி ஆடித்தான் உட்ஸ் வென்றார்.

ஹாக்கியில் சொல் விரிந்துவிட்டது. சமநிலை வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் நடக்கும் தனிச் சுற்றாக மாறிவிட்டது. இப்போது 32 அணிகளில் 16 அணிகள் பிளேஆஃபுக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அதிகபட்சம் ஏழு ஆட்டம். முதலில் நான்கு ஆட்டம் வென்றவர் மேலே போகிறார். அப்படி நான்கு சுற்று, ஆக 16 வெற்றி.

சொல் விரிந்தாலும் ‘ஆஃப்’ விட்டுக்கொடுக்கவில்லை. லீக் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஐந்து நிமிடம் ஆளைக் குறைத்து ஆடுகிறார்கள். அதிலும் முடியாவிட்டால் ஒருவர் பின் ஒருவராகக் கோலை நோக்கி அடித்துப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பிளேஆஃபில் இந்தக் குறுக்குவழி கிடையாது. இருபது இருபது நிமிடமாக, யாராவது ஒரு கோல் போடும்வரை ஆட வேண்டும்.

1936 மார்ச் 24 இரவு மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மாண்ட்ரியல் மெரூன்ஸும் மோதினார்கள். அறுபது நிமிடம் முடிந்தபோது 0-0. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் ஆறாவது தொடங்கிவிட்டது. தேதி மாறி, அதிகாலை மணி இரண்டைத் தாண்டியிருந்தது. டெட்ராய்டின் 21 வயதுப் புதுமுகம் மட் புருனட்டோ அப்போது ஒரு கோல் போட்டார். கூடுதல் நேரம் மட்டும் 116 நிமிடம் 30 நொடி. மொத்தமாகப் பார்த்தால் மூன்று முழு ஆட்டத்துக்கு வெறும் மூன்றரை நிமிடம் குறைவு. என்.எச்.எல். வரலாற்றில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்னும் நடக்கவில்லை.

இப்படி ஆடுகிற ஆட்டத்தில் விழும் கோலைத் தனிப் பேரேட்டில் எழுதுவது எனக்கு முழு நியாயமாகப் படுகிறது. அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கிரெட்ஸ்கி 208 ஆட்டத்தில் 122. மார்க் மெஸ்ஸியே 236 ஆட்டத்தில் 109. பின்லாந்துக்காரர் யாரி குர்ரி 200 ஆட்டத்தில் 106. பிரெட் ஹல் 202 ஆட்டத்தில் 103. நூறைத் தாண்டியவர்கள் இந்த நால்வர். ஐந்தாவது க்ளென் ஆண்டர்சன், 93. இவர்களில் ஹல்லைத் தவிர மற்ற நால்வரும் 1980களின் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். அந்த அணி 1984, 85, 87, 88, 90 என்று ஐந்து முறை கோப்பை வென்றது. பிளேஆஃபில் ஒரு சுற்றில் தோற்றால் வீட்டுக்கு. வென்றால்தான் அடுத்த சுற்றே கிடைக்கும். அதனால் இந்தப் பட்டியலில் தனிமனிதத் திறமையோடு அணியின் வலிமையும் கலந்தே இருக்கிறது. 1985இல் குர்ரி ஒரே பிளேஆஃபில் 19 கோல் போட்டார். அதில் 12 சிகாகோவுக்கு எதிரான ஆறே ஆட்டங்களில். 1976இல் ஃபிலடெல்ஃபியாவின் ரெஜி லீச்சும் 19 போட்டவர். அதற்கு மேல் யாரும் போனதில்லை.

எண்ணிக்கையை விட்டு வேகத்தைப் பார்த்தால் பட்டியல் புரண்டுவிடும். மரியோ லெமியூ 107 ஆட்டத்தில் 76 கோல், அதாவது பத்து ஆட்டத்துக்கு ஏழு. முதுகுவலியால் பத்தே ஆண்டில் ஆட்டத்தை விட்ட மைக் பாஸி 129 ஆட்டத்தில் 85. என் மனம் நிற்பது மொரீஸ் ரிஷாரிடம். அவர் காலத்தில் லீகில் ஆறே அணிகள், பிளேஆஃப் இரண்டே சுற்று. அதில் 133 ஆட்டம் ஆடி 82 கோல். 1944 மார்ச் 23 அன்று மாண்ட்ரியல் டொராண்டோவை 5-1 என்று வென்றது; அந்த ஐந்தும் ரிஷார் போட்டவை. அன்றைய சிறந்த மூன்று வீரர்களை அறிவித்தபோது மூன்று இடத்துக்கும் அவர் பெயரையே வாசித்தார்கள்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நம் செய்தித்தாள்கள் ‘பிளே-ஆஃப் சுற்று’ என்றே எழுதிப் பழகிவிட்டன. ‘தகுதிச் சுற்று’ என்று எழுதினால் ஹாக்கிக்குப் பிழையாகும். பிளேஆஃபுக்கு வந்தவர் ஏற்கெனவே தகுதி பெற்றவர். ‘இறுதிச் சுற்று’ என்றால் கடைசிக் கட்டம் மட்டும் நினைவுக்கு வரும். ‘வெளியேற்றுச் சுற்று’ தோற்றவர் பக்கம் மட்டும் நின்று பேசுகிறது.

தமிழில் அந்த ‘ஆஃப்’ செய்யும் வேலையை அப்படியே செய்யும் ஒரு வினை இருக்கிறது: தீர். கடனைக் கொடுத்துத் தீர்க்கிறோம். பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்க்கிறோம். மழை கொட்டித் தீர்க்கிறது. வினையெச்சத்தோடு சேர்ந்தால், மிச்சம் வைக்காமல் முடிப்பது என்ற பொருள் தானாக வந்து உட்காரும். அதே வேரிலிருந்துதான் தீர்வும் தீர்ப்பும். ஆகவே ஆடித் தீர்ப்பது ‘தீர்வாட்டம்’. அந்தக் கட்டம் முழுவதும் ‘தீர்வாட்டச் சுற்று’. ‘தீர்ப்பாட்டம்’ என்றும் சொல்லிப் பார்த்தேன்; அதில் நீதிமன்ற வாடை அடிக்கிறது. ‘கிரெட்ஸ்கியின் தீர்வாட்ட கோல்கள் 122’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறாது. ‘கோல்’ என்பதை நான் மாற்றவில்லை. பேச்சிலும் எழுத்திலும் அது நம் சொல்லாகிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் தீர்வாட்டம் கைகொடுக்காது. உலகக் கோப்பைக் கால்பந்தில், கடைசியாக மிஞ்சிய இடங்களுக்கு மோதும் ஆட்டத்தையும் பிளேஆஃப் என்றே சொல்கிறார்கள். அங்கே அணிகள் ஆடுவது உள்ளே நுழைவதற்காக. அதைத் ‘தகுதியாட்டம்’ என்றே எழுதலாம்.