நோமோபோபியா: தமிழில் எப்படிச் சொல்வது?

என் அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். போனில் சார்ஜ் 12 சதவீதம். பாட்டை நிறுத்தினாள், வெளிச்சத்தைக் குறைத்தாள், டேட்டாவை அணைத்தாள். அப்புறமும் நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

இந்தத் தவிப்புக்குத்தான் நோமோபோபியா என்று பெயர். 2008இல் பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம், யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மூலம் நடத்திய ஆய்வையொட்டிப் பிறந்த சொல். 'நோ மொபைல் போன்' என்பதைச் சுருக்கி, அச்சத்தைக் குறிக்கும் 'போபியா'வை ஒட்டிவிட்டார்கள். போன் தொலைவது, சார்ஜ் தீர்வது, சிக்னல் போவது எல்லாம் இதில் அடக்கம். கிரேக்கத்தில் 'நோமோஸ்' என்றால் சட்டம். அந்த மொழிக்காரர் காதில் 'சட்டத்துக்கு அஞ்சுவது' என்றுதான் விழும். 2018இல் கேம்பிரிட்ஜ் அகராதியின் வாசகர்கள் வாக்களித்து இதை ஆண்டின் சொல்லாக்கினார்கள். போபியா என்று முடிவதால் நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

சரி, தமிழில்? 'கைபேசியின்மை அச்சம்' என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் கைபேசியே இல்லாத என் பாட்டிக்கு இந்த அச்சம் வந்ததில்லை. இருப்பவருக்குத்தான் வருகிறது. போபியாவுக்கு 'வெருளி' என்ற சொல்லும் வழங்குகிறது. 'வெருட்டாதே' என்று ஈழத்தில் இன்றும் பேசுவதால் வேர் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வெருளி என்றதும் எதிரே நின்று மிரட்டும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே பயம் போனைப் பார்த்து அல்ல, அது போய்விடுமோ என்பதில்.

அந்தப் பயத்துக்கு வள்ளுவரிடமே சொல் இருக்கிறது. பிரிவாற்றாமை அதிகாரத்தின் இரண்டாம் குறளில் தலைவி, 'பிரிவஞ்சும்' துன்பத்தால் காதலனோடு கூடியிருப்பதும் துயராகிவிட்டது என்கிறாள். கையில் இருக்கும்போதே, போய்விடுமே என்ற கலக்கம். பேருந்தில் நான் பார்த்தது அதுவேதான். எனவே என் தேர்வு 'கைபேசிப் பிரிவச்சம்'. பேச்சில் 'பிரிவச்சம்' என்றாலே போதும்.

அதிகாரத் தலைப்பையும் வீணாக்க வேண்டாம். தேர்வறை வாசலில் போனை அணைத்துப் பையில் வைக்கும்போது வருவது பிரிவச்சம். உள்ளே மூன்று மணி நேரமும் கை தன்னால் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறதே, அது பிரிவாற்றாமை.