ஊஞ்சலில் தொங்கிய டைனமோ

தரம் 10 படிக்கும் கிளிநொச்சி மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "நீராவி என்ஜினில்தான் கரண்ட் இல்லையே, அப்போ அந்தக் காலத்து ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் லைட்டும் ஃபேனும் எப்படி ஓடியது? பழைய பெட்டிகளைத் திருத்தி ஓடவிடுகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள்?"

போரினால் 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் மூடப் போய்விட்டன. ரயிலையே பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்த ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால் விட்டுவிட முடியுமா?

பதிலில் பாதி அவளுடைய வீட்டிலுள்ள பெரியவர்களுக்கே தெரிந்திருக்கும். 90களில் வன்னிக்குள் பெற்றரி வரத் தடை. செய்தி கேட்க நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்தோம். ரயில் பெட்டியிலும் அதே கதைதான். பெட்டிக்கு அடியில் ஒரு டைனமோ, சக்கர அச்சிலிருந்து அதற்கு ஒரு பெல்ட், பக்கத்தில் ஈய அமில பெற்றரிகள். ஒரு செல்லுக்கு 2 வோல்ட், 12 செல் சேர்ந்தால் 24. ஓடும்போது சார்ஜ் ஏறும், ஸ்டேஷனில் நிற்கும்போது பெற்றரி லைட்டை எரிக்கும்.

இதுவரை சுலபம். சிக்கல் இனித்தான். டைனமோ தரும் வோல்ட், சுற்றும் வேகத்தோடு ஏறும். மணிக்கு 30 கிலோமீற்றரில் 24 வோல்ட் வந்தால் 90இல் அதன் மூன்று மடங்கு, அதாவது பல்ப் எல்லாம் போச்சு. எங்கள் றேடியோவுக்கும் அதுதான் நடந்தது: தம்பி வேகமாகச் சுற்றினான், புகை வந்தது, செய்தி பாதியில் நின்றது. "மெல்லச் சுத்தடா" என்று சொல்ல வீட்டில் அப்பா இருந்தார். ரயிலுக்கு அடியில் யார் இருப்பார்?

1890களில் லண்டனில் ஜே. ஸ்டோன் கம்பனி கொண்டுவந்த முறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. டைனமோவை இறுக்கி முடுக்கவில்லை; ஒரு மூலையில் கொளுவி, ஊஞ்சல் மாதிரிச் சரிவாகத் தொங்கவிட்டார்கள். அதன் பாரமே பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடினால் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் (லென்ஸ் விதி, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்) சுற்றுவதற்கான எதிர்ப்பும் கூடும், அதனால் பெல்ட் பலமாக இழுக்க வேண்டும். அந்த இழுவை ஓர் அளவைத் தாண்டியதும் தொங்குகிற டைனமோ அச்சுப் பக்கம் அசைந்து கொடுக்கிறது, பெல்ட் தளர்கிறது, வழுக்குகிறது. அதற்குமேல் ரயில் எவ்வளவு பறந்தாலும் டைனமோ ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் சுற்றும். எந்த இடத்தில் வழுக்க வேண்டும் என்பதைத் தொங்கும் கோணத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம். மற்ற இயந்திரங்களில் பெல்ட் வழுக்கினால் பழுது என்போம், இங்கே வழுக்குவதுதான் வேலை! பெல்ட் சூடாகித் தேயும் என்பது உண்மைதான், அது அதற்கான விலை.

அப்புறம், ரயில் திரும்பி வரும்போது டைனமோ எதிர்ப்பக்கம் சுற்றுமே, பிளஸ் மைனஸ் மாறிவிடாதா? மாறும். அதனால் சில டைனமோக்களில் பிரஷ்கள் (சுற்றும் பகுதியைத் தொட்டுக் கரண்டை வெளியே எடுக்கும் கரித்துண்டுகள்) பொருத்திய வளையத்தையே அசைய விட்டார்கள். திசை மாறியதும் உராய்வு அதையும் இழுத்துக்கொண்டு போகும், நான்கு காந்தத் துருவம் உள்ள டைனமோ என்றால் கால் வட்டம் நகர்ந்து ஒரு தடுப்பில் முட்டி நிற்கும், பிளஸ் பழையபடி பிளஸ். ரயில் நின்றதும் பெற்றரி டைனமோவை மோட்டாராக்கிச் சுற்றப் பார்க்காமல் இருக்க, வேகம் குறைந்தால் தானே கழன்றுகொள்ளும் ஒரு சுவிட்சும் உண்டு.

இன்றைக்குத் திருத்துகிறவர்கள் பலர் அந்த இடத்தில் ஆல்டர்னேட்டரும் (மாறி மாறி ஓடும் கரண்ட் தருவது) அதை ஒரே திசைக்குத் திருப்பும் டயோட்டும் வைத்துவிடுகிறார்கள். குசினிக்கு ஜெனரேட்டர், லைட்டுக்கு எல்ஈடி. உக்கின மரச்சட்டம், அஸ்பெஸ்டஸ், பிரேக் எல்லாம் தனிக் கதை. முக்கியமானது அச்சு. உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்காமல் பழைய பெட்டியை ஓடவிடக்கூடாது. முதல் ஓட்டத்தன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள் வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்தக் கருவிக்குக் காசில்லை என்று சொல்லிவிட்டுத் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். பழைய டைனமோ ஒன்றை இரும்புக்கடைக்குப் போகாமல் எடுத்து ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்தால் பிள்ளைகள் கழற்றிப் பூட்டியே பாதி மின்னியலைப் படித்துவிடுவார்கள்.

தங்கச்சி, வீட்டில் பழைய சைக்கிள் டைனமோ இருந்தால் ஒன்று செய்து பார். டயரை ஈரமாக்கிவிட்டு, டைனமோ டயரை லேசாக மட்டும் தொடும்படி வைத்துப் பெடலைச் சுற்று. ஓர் அளவுக்கு மேல் நீ எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பல்பின் வெளிச்சம் கூடாது. மாரி மழையில் சைக்கிள் லைட் மங்கிப்போய் ஏ9 ரோட்டில் நாங்கள் திட்டிக்கொண்டு வந்ததும் இதே வழுக்கலால்தான்.