‘வாசித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்’ என்று சொல்லி வருபவர்களுக்கு

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த கடிதத்தையோ வாட்ஸ்அப் செய்தியையோ அனுப்பிவிட்டு, அதனால் சிக்கல் வந்த பிறகு சட்டத்தரணியைத் தேடி வருவோர் கிளிநொச்சியில் இப்போது பெருகிவிட்டனர். வருகின்ற எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: “நான் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன், சேர்.” அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே வாசித்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அண்மையில் வந்த ஒரு விடயத்தைச் சொல்கிறேன். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது எங்கள் கடமை என்பதால் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கண்டாவளைப் பக்கத்தில் ஒரு தாய் யுத்த காலத்தில் கையால் எழுதிய ஒரு கடதாசியை நம்பிக் காசு கொடுத்துக் காணி வாங்கினார். இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, அந்த வளவில் வீடு கட்டி, கிணறு வெட்டிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறார். வெளிநாட்டிலுள்ள பழைய உரிமையாளர் ஒருநாள் காணியைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினார். தாய் மகனிடம், “நாங்கள் காசு குடுத்து வாங்கின காணி, கடதாசியும் கிடக்குது எண்டு மரியாதையாய் எழுதிவிடு” என்றார். மகன் அதைச் செயலியிடம் கொடுத்தார். அது எழுதித் தந்த முதல் வசனம் இப்படி இருந்தது: “தங்கள் காணியில் இத்தனை ஆண்டுகள் எம்மைக் குடியிருக்க அனுமதித்தமைக்கு மனமார்ந்த நன்றிகள்.” காசு கொடுத்த கதை நான்காவது வசனத்தில் வந்தது. மகன் வாசித்துக் காட்டினார், தாய் தலையாட்டினார், செய்தி போய்ச் சேர்ந்தது.

அந்த ஒரு வசனத்தின் பாரத்தைச் சொல்லியாக வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட்ட உறுதியால்தான் செல்லுபடியாகும். கைக்கடதாசி உரித்தைத் தராது. ஆகவே அந்தத் தாய்க்கு இருந்த பெரிய பிடிமானம் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் ஒன்றுதான். தனியார் காணி ஒன்றைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாக, அதாவது அவரது உரிமையை ஏற்காமல் தனதாகவே அனுபவித்து, வைத்திருந்தவர் உரித்துக் கோர அது வழிவிடுகிறது. (அரச காணிக்கு இது பொருந்தாது, இதையும் பலர் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.) ஆனால், இன்னொருவருக்கு அந்தக் காணியில் உரிமை இருக்கிறது என்று ஆட்சியாளரே ஏற்றுக்கொண்டதாக இயல்பாகக் கொள்ளக்கூடிய எந்தச் செயலும் அந்த ஆட்சியோடு சேர்ந்திருக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வாடகை கொடுப்பது அப்படியொரு செயல். விளைச்சலில் பங்கு கொடுப்பதும் அப்படியே. ‘தங்கள் காணியில் இருக்க அனுமதித்தமைக்கு நன்றி’ என்று எழுத்தில் கொடுப்பதை எதிர்த்தரப்பு வேறு எப்படிக் காட்டும்? நீதிமன்றம் எல்லாச் சான்றுகளையும் சேர்த்துத்தான் பார்க்கும் என்பதால் வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் நேராக இருந்த வழி இப்போது கல்லும் முள்ளுமாகிவிட்டது.

செயலி எழுதுவதை மனிதர் ஒருவர் பார்த்த பின்பே அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு சரியான ஏற்பாடு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பார்ப்பது என்றால் என்னவென்று எங்கள் சனங்கள் நினைத்திருப்பதுதான் என்னைப் பொறுமையிழக்க வைக்கிறது. எழுத்துப்பிழை இல்லை, மரியாதையாக இருக்கிறது, படித்தவர் எழுதியது போல இருக்கிறது என்று கண்டவுடன் ‘சரி’ என்கிறோம். இது வாசிப்பு மட்டுமே, சரிபார்ப்பு அல்ல. சரிபார்ப்பதென்றால், அந்த எழுத்தில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, இதை நான் சொன்னேனா, இது உண்மையா, இதற்கு என்னிடம் கடதாசி உண்டா, இதை எதிராளி நீதிமன்றத்தில் நீட்டினால் நான் நின்று பதில் சொல்வேனா என்று கேட்பதாகும். பிழையும் தடுமாற்றமுமாக எழுதப்பட்ட கடிதத்தைப் படிக்கும்போது நாம் தானாகவே நின்று யோசிக்கிறோம். வழுக்கிக்கொண்டு போகும் கடிதம் எங்களை எங்கும் நிற்க விடுவதில்லை. அந்தத் தாயும் மகனும் ‘அனுமதித்தமைக்கு’ என்ற சொல்லைக் கண்டார்கள், கேட்டார்கள். அது அவர்களுக்குப் பண்பாக மட்டுமே பட்டது. தாங்கள் சொல்லாத ஒன்று அங்கே புகுந்திருக்கிறது என்று படவில்லை.

கடன் விடயத்திலும் இதே கதைதான். உரக்கடைக் கணக்கில் பாதி தான் வாங்காத பொருளுக்குரியது என்று வாதிட வேண்டிய கமக்காரர், ‘நிலுவையைச் செலுத்தத் தாமதித்தமைக்கு வருந்துகிறேன், அறுவடை முடிந்ததும் முழுத் தொகையையும் தருவேன்’ என்று அனுப்பியிருக்கிறார். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது என்று 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் சொல்கிறது. ‘போனில் அனுப்பியதுதானே’ என்ற ஆறுதல் வேண்டாம்.

செயலியையே ‘இது சரியா?’ என்று கேட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. 2023 இல் நியூயோர்க்கில் ஒரு சட்டத்தரணி, சட் ஜிபிடி என்ற செயலி தந்த முன்தீர்ப்புகளை, அதாவது பழைய வழக்குகளின் தீர்ப்புகளை, அப்படியே நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார். அவற்றுள் பல எங்குமே நடக்காத வழக்குகள். அவை உண்மையானவையா என்று அதே செயலியிடம் அவர் கேட்டிருந்தார்; உண்மையானவை என்று அது பதில் சொல்லியிருந்தது. அந்தச் சமர்ப்பணத்துடன் தொடர்புபட்ட சட்டத்தரணிகளுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தொழில் தெரிந்தவருக்கே இந்த நிலை.

என்னை இன்னும் கவலைப்படுத்துவது சிங்களக் கடிதங்கள். சிங்களத்தில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாதவர், செயலியைக் கொண்டு சிங்களத்தில் முறைப்பாடு எழுதி, திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அனுப்புகிறார். இங்கே சரிபார்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. தான் என்னத்தில் கையொப்பமிட்டேன் என்பதே அவருக்குத் தெரியாது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி. தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். சிங்களம் தேவைப்பட்டால் அந்த மொழி தெரிந்த ஒரு மனிதரிடம் கொடுத்து, முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

சங்கங்களின் நிர்வாகத்தினருக்கும் ஒன்று. செயலாளர் செயலியில் எடுத்த வரைவைத் தலைவர் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறார், செயலாளர் பார்த்திருப்பார் என்று தலைவர் கையொப்பம் வைக்கிறார். இருவர் பெயர் இருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. யார் பார்ப்பது என்று ஒருவரைக் குறித்து வையுங்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செயலியைத் திறக்கும் முன்பே, சொல்ல வேண்டியதை உங்கள் சொந்தப் பேச்சில் இரண்டு மூன்று வரியாக எழுதி வையுங்கள். வரைவு வந்ததும் உங்கள் வரிகளில் இல்லாத எது வரைவில் இருக்கிறது என்று தேடுங்கள். உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ பற்றுச்சீட்டையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், திகதி, தொகை, காணித்துண்டு இலக்கம் அனைத்தையும் விரலை வைத்து ஒப்பிடுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியைச் செயலி ‘எனக்குச் சொந்தமான காணி, விற்க விரும்புகிறேன்’ என்று எழுதிவிடும். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதைக் கைமாற்ற முடியாது என்பது அதற்குத் தோன்றாது. இந்தியாவிலுள்ள வட்டாட்சியருக்குச் செயலி முகவரியிட்ட கடிதத்தைக்கூட ஒருவர் கொண்டுவந்தார். அதைத் தபாலில் சேர்க்கும் முன் முகவரியையாவது பார்த்திருக்கக்கூடாதா? நன்றி, வருத்தம், வாக்குறுதி ஆகிய மூன்றும் எங்கே வந்தாலும் பேனையை எடுத்து அடியில் கோடு போடுங்கள். நீங்கள் சொல்லச் சொன்னதாக இருந்தால் மட்டும் விடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் உறுதியின் படத்தையும் செயலிக்குள் போடாதீர்கள். காணி, கடன், வழக்கு, விவாகரத்து சம்பந்தப்பட்ட எதையும் அன்றிரவே அனுப்பாமல் மறுநாள் காலையில் இன்னொருமுறை பாருங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் பதற்றத்தில் அழிக்க வேண்டாம். உங்கள் கைத்தொலைபேசியில் அழிந்தது எதிராளி எடுத்த படத்தில் அழியாது; அழித்ததையும் உங்களுக்கு எதிராகவே சொல்வார்கள். விளக்கம் சொல்கிறேன் என்று செயலியிடம் இன்னொரு செய்தியும் எழுதுவிக்க வேண்டாம். நீங்கள் செயலியிடம் என்ன கேட்டீர்கள், அது என்ன தந்தது என்ற உரையாடல் அப்படியே இருக்கட்டும். அந்த வசனம் உங்களுடையதல்ல என்று காட்ட உதவக்கூடிய சான்று அது. சட்டத்தரணி மூலம் அனுப்பும் திருத்தக் கடிதம் எவ்வளவு விரைவாகப் போகிறதோ அவ்வளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே அந்த வாரத்துக்குள்ளேயே தொலைபேசியுடன் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்காக 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.