பழைய டிராக்டருக்கு பி.யூ. பெயிண்ட்: வாங்குவதற்கு முன்

கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய டிராக்டரைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, சாதா எனாமல் போதுமா, பி.யூ. (பாலியூரிதேன் பெயிண்ட்) அடிக்கலாமா என்பதுதான். பானெட், மட்கார்டு போன்ற தகட்டுப் பாகங்களுக்கு பி.யூ. அடிப்பதே நல்லது என்பது என் கருத்து. காற்றில் மெல்ல உலரும் எனாமல் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும். ஹார்டனருடன் (பெயிண்டை இறுகவைக்க அதோடு கலக்கும் திரவம்) வினைபுரிந்து இறுகும் பி.யூ. பூச்சு, வெயிலையும் சிந்தும் டீசலையும் அதைவிட நன்றாகத் தாங்கும். கியர் பாக்ஸ் போன்ற வார்ப்பிரும்புப் பாகங்களிலோ கிரீஸைச் சுத்தமாக எடுக்காவிட்டால் எந்தப் பெயிண்டும் நிற்காது.

ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு அடிப்பூச்சை அடித்துக் கொண்டுவந்து, "மேலே பி.யூ. மட்டும் போடுங்கள்" என்பவர்கள் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண ரெட் ஆக்சைடின் மேல் பி.யூ. பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னர் படும்போது அடிப்பூச்சு சுருங்கித் தூக்கிக்கொள்ளலாம். பழைய பெயிண்டின் மேல் தின்னரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகினால் இரும்பு தெரியும்வரை சுரண்டி, எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சிலிருந்து தொடங்குவதே சரி. உர மூட்டை ஏற்றி உப்பரித்த மட்கார்டுக்கு இது கட்டாயம்.

ஹார்டனரின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் நான்கு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு ஹார்டனர் (4:1), சிலவற்றில் இரண்டுக்கு ஒன்று (2:1). விலை அதிகமென்று ஹார்டனரைக் குறைத்தால் பூச்சு முழுதாக இறுகாது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னரில் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்திருப்பதால், அது ஹார்டனரைத் தின்றுவிடும். அதே கம்பெனியின் பி.யூ. தின்னரையே வாங்குங்கள், கோடையில் மெதுவாக உலரும் வகையாக. ஸ்ப்ரேக்குக் காற்று தரும் கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். ஈரத்தோடு ஹார்டனர் சேர்ந்தால் வாயு உண்டாகி, பூச்சில் ஊசித்துளைகள் விழும்.

விலை கேட்கும்போது யாரும் கேட்காத ஒன்று, மூச்சுக்கவசம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தரும். வாசனை தெரியாத அளவிலேயே தீங்கு செய்யும் என்பதால், மூக்கை நம்ப முடியாது. துண்டும் துணி மாஸ்க்கும் இதற்குப் பயனற்றவை. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசமே சிறந்தது. அதோடு கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். மாட்டுக்கொட்டகை ஓரத்தில், குழந்தைகள் வேடிக்கை பார்க்க, ஸ்ப்ரே அடிப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. இந்த ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் பிரஷ்ஷால் எனாமல் பூசிக்கொள்வதே மேல். சில வருடத்தில் மங்கினால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.