மீன் பாடுது என்று சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் போட்டால்?

"சேர், இது வீடியோ எஸ்ஸே. எட்டு நிமிஷம்."

பென் டிரைவை நீட்டிய தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கலியாண வீடியோ, ஆவணப்படம், விளம்பரம் என்று பதினெட்டு வருஷமாக மட்டக்களப்பில் எடிட்டிங் செய்து பிழைக்கிறவன் நான். சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு அதையே சொல்லியும் கொடுக்கிறேன். வீடியோ எஸ்ஸே என்றால் காட்சியையும் குரலையும் கோத்து ஒரு யோசனையைப் பின்தொடரும் படம். அவ கொண்டுவந்த படத்தின் பெயர் 'பாடும் மீன்கள்'. பௌர்ணமி இரவில் எங்கள் வாவிக்குள்ளிருந்து மீன் பாடும் என்பது ஊரில் பழைய பேச்சு. ட்ரோன் எழும்புகிறது, கல்லடிப் பாலம் தெரிகிறது, வாவியில் வெயில் மினுங்குகிறது. "மீன்பாடும் தேனாடு என அழைக்கப்படும் மட்டக்களப்பு..." என்று குரல் தொடங்குகிறது. அடியில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புல்லாங்குழல். அது எட்டு நிமிஷமும் ஓயவேயில்லை.

மீன் பாடுவதைப் பற்றிய படத்தில் வாவியின் சத்தம் ஒரு செக்கன்கூட இல்லை.

"கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க புள்ள," என்றேன். கேட்டா. "இப்ப என்ன விடுபட்டுச்சு?" கொஞ்சம் யோசித்தா. "ஒண்டும் விடுபடல்ல சேர்." பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டோம். ஹோட்டல் விளம்பரம் போல இருந்தது. குரலைத் தனியாகக் கேட்டால் வானொலி உரை, படத்தைத் தனியாகப் பார்த்தால் விளம்பரம். இரண்டையும் சேர்த்தும் மூன்றாவதாக ஒன்று வரவில்லை. வீடியோ எஸ்ஸே என்ற பெயரில் என் மேசைக்கு வருகிறவற்றில் முக்கால்வாசி இப்படித்தான்.

பாதிக் குற்றம் நாம் வைத்த பெயரில் இருக்கிறது. காணொளிக் கட்டுரை என்று சொன்னதும் எங்கள் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். முன்னுரை, உடல், முடிவுரை, நடுவில் ஒரு திருக்குறள். பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580இல் தன் எழுத்துக்கு வைத்த 'எஸ்ஸே' என்ற பெயருக்கு 'முயன்று பார்த்தல்' என்றுதான் பொருள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிற வேலை அல்ல அது. தமிழிலும் கட்டுரை என்ற சொல் பரீட்சைத் தாளில் பிறக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் 'கட்டுரை காதை' என்றே ஒன்று உண்டு. மதுரை எரிகிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முகத்துக்கு நேரே வர அஞ்சி, பின்புறமாக வந்து நின்று, இது ஏன் நடந்தது என்று பழைய கதையைச் சொல்கிறது. கண்முன்னே நெருப்பு, முதுகுக்குப் பின்னால் வேறொரு காலத்தைப் பேசும் குரல். வைகாசியில் கண்ணகிக்குச் சடங்கு செய்கிற ஊர்க்காரருக்கு வொய்ஸ் ஓவர், அதாவது படத்தின் மேல் ஓடும் குரல், என்றால் என்னவென்று இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

சினிமாவில் இந்த வகையைப் பற்றிப் பேச்சு எழுந்தது 1940இல். ஹான்ஸ் ரிக்டர் என்ற ஜெர்மானியர் 'கட்டுரைப் படம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். கண்ணுக்குத் தெரியாத சிந்தனையைத் திரையில் தெரியவைப்பது அவருக்கு வேண்டியிருந்தது. வகுப்பில் நான் அதிகம் சொல்வது 1957இல் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் எடுத்த 'சைபீரியாவிலிருந்து கடிதம்' பற்றி. யாகுட்ஸ்க் நகரத்தின் ஒரு தெரு. பஸ் போகிறது, தொழிலாளர்கள் வீதி திருத்துகிறார்கள், ஒருவர் கமராவைப் பார்த்தபடி கடந்துபோகிறார். அதே காட்சிகள் மூன்று தரம் வருகின்றன. முதல் தரம் குரல் சோவியத்தைப் புகழ்கிறது, அடுத்த தரம் தூற்றுகிறது, மூன்றாம் தரம் நடுநிலையாகப் பேசுகிறது. அதோடு விட்டிருந்தால் கெட்டிக்கார வித்தை, அவ்வளவுதான். அந்த நடுநிலையும் சரியில்லை என்று மார்க்கர் சொல்லிவிட்டுப் போகிறார். இதில் படத்தொகுப்பு ஒரு ஷொட்டிலிருந்து அடுத்த ஷொட்டுக்குப் போகவில்லை, காதிலிருந்து கண்ணுக்குப் போகிறது என்று 1958இல் விமர்சகர் அந்திரே பசான் எழுதினார்.

பிள்ளைகளுக்கு சைபீரியா தூரம். அதனால் வாவியில் எடுத்த பன்னிரண்டு செக்கன் ஷொட் ஒன்றை வைத்திருக்கிறேன். தோணியில் நிற்கும் ஒருவர் வீச்சு வலையை எறிகிறார், இழுக்கிறார். வலையில் ஒன்றுமில்லை. நிமிர்ந்து கமராவைப் பார்க்கிறார். முதலில் "தலைமுறைகளாக வாவியை நம்பி வாழும் உழைப்பாளி" என்று வாசித்தேன். அடுத்து "வாவி செத்துக்கொண்டிருக்கிறது" என்று. முதல் தரம் அவர் லேசாகச் சிரித்தார் என்று இரண்டு பேர் சத்தியம் பண்ணினார்கள். இரண்டாம் தரம் அதே முகம் களைத்துப்போயிருந்ததாம். மூன்றாவதாக, "காலை ஆறு மணி பத்து. இது ஐந்தாவது வீச்சு" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள், இதுதான் உண்மை, சோடனை இல்லை என்று. ஏறாவூர்த் தம்பி ஒருவன் மட்டும் கேட்டான்: "சேர், முந்தின நாலு வீச்சிலயும் மீன் பட்டதா?"

பட்டது. நான்தான் வெட்டினேன்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் மிச்சமில்லை. வட்ஸ்அப்பில் வரும் எந்த வீடியோவுக்கும் அந்தக் கேள்வி போதும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மார்க்கர் அல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் பற்றி அவசரமாக ஒரு வீடியோ செய்தேன். புதிய காட்சிகள் போதவில்லை. 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தில் எடுத்ததில் ஆறு செக்கன் எடுத்து நடுவில் செருகினேன். தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைப்பு. மறுநாள் படுவான்கரையிலிருந்து ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். "தம்பி, அது எங்கட வாசல். அந்த வேப்பமரம் இப்ப இல்ல. சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறது எங்கட அவர். அவர் செத்து நாலு வருஷம்." கோபப்படவில்லை. அந்த ஆறு செக்கனைத் தனியாக அனுப்ப முடியுமா என்றுதான் கேட்டார். அனுப்பினேன். வீடியோவை அன்றிரவே எடுத்துவிட்டேன். இப்போது என் ஹார்ட் டிஸ்க்கில் ஊர், வருஷம் இல்லாத ஃபைல் கிடையாது. பழைய காட்சி வந்தால் திரையின் மூலையில் வருஷம் இருக்கும். இசை, எழுத்துரு எல்லாம் ரசனை சார்ந்தது, சண்டை போடலாம். இதில் சண்டைக்கு இடமில்லை.

அந்தத் தவறிலிருந்தே இன்னொன்றும் விளங்கியது. எடுத்தவர் கவனிக்காததையும் கமரா எடுத்து வைத்துவிடுகிறது. ஜெர்மன் இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி தன் கட்டுரைப் படமொன்றில் ஒரு விமானப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவார். 1944 ஏப்ரல் 4ஆம் தேதி நேச நாட்டு விமானம் ஒன்று தொழிற்சாலையைத் தேடிப் போய் எடுத்தது. அதே படத்தில் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலை முகாமும் விழுந்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் தேடியது தொழிற்சாலை. முகாம் அதில் இருப்பதை 1977இல்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் பெட்டகங்களில் கிடக்கும் கலியாணக் கெசட்டுகளும் அப்படித்தான். நாவலடியில் எடுத்த ஒன்று என்னிடம் டிஜிட்டலாக்க வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் வரிசையாக வீடுகள், கிணற்றுக்கட்டில் இரண்டு பிள்ளைகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த வரிசை இல்லை. ட்ரோனை விட்டுவிட்டு இந்தக் கெசட்டுகளிலிருந்து தொடங்குங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். வீட்டாரிடம் கேட்டுவிட்டு, அவர்களைப் பக்கத்தில் இருத்திப் பார்த்துவிட்டு.

அடுத்தவர் படத்திலிருந்து துண்டு எடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவில், விமர்சனம், கருத்துரை, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்கு எடுத்தீர்கள், மூலப் படைப்பின் சந்தையைக் கெடுத்தீர்களா என்பதெல்லாம் பார்க்கப்படும். பாட்டு முழுவதையும் ஓடவிட்டு "அருமை" என்று முடிப்பது விமர்சனம் ஆகாது. யூடியூப்பின் தானியங்கிப் பொறி நம் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. நியாயமான துண்டுக்கும் உரிமைக்கோரல் வரலாம், ஆட்சேபிக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும்.

எழுதும் முறை பற்றி ஒன்றே ஒன்று. கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் காண்பது, வலப்பக்கம் கேட்பது. இடப்பக்கம் 'வாவி', வலப்பக்கமும் 'வாவி' என்றிருந்தால் ஒன்றை வெட்டுங்கள். பெரும்பாலும் வெட்டவேண்டியது வலப்பக்கத்தைத்தான்.

அந்தத் தங்கச்சி மூன்று கிழமை கழித்து வந்தா. எட்டு நிமிஷம் ஐந்தாகியிருந்தது. புல்லாங்குழல் போய்விட்டது. பௌர்ணமிப் பறுவத்தன்று மாமாவோடு தோணியில் போய், பழைய ஆட்கள் செய்ததுபோலத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுநுனியில் காதை வைத்துக் கேட்டிருக்கிறா. நாற்பது செக்கன் திரை கிட்டத்தட்ட இருட்டு. துடுப்பில் தண்ணீர் தட்டுகிறது. பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. 1924இல் கட்டிய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலம், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பிறகு அவவின் குரல்: "எனக்குக் கேக்கல்ல. அம்மம்மாக்குக் கேட்டதாம்."

"இந்த இடத்தில எல்லாரும் தள்ளிட்டுப் போயிருவாங்களே சேர்?"

"போவாங்க. போடுங்க."

போட்டா. கிழமை முடிய, பார்வையாளர் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று காட்டும் கோட்டைப் போனில் கொண்டுவந்து காட்டினா. நாற்பது செக்கன் தொடங்கும் இடத்தில் கோடு சடாரென்று விழுந்திருந்தது. முடிகிற இடத்துக்குச் சற்று முன், அவவின் குரல் வருவதற்கு முந்தி, சின்னதாக ஒரு மேடு. யாரோ சிலர் பின்னால் இழுத்துத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.