எரிக்க ஆக்சிஜன் எங்கே இருக்கிறது?

316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகுத் தூளைக் கொண்டு முப்பரிமாண (3D) முறையில் அச்சிட்ட பாகம் துருப்பிடித்துவிட்டது, வாங்கிய தூளில்தான் கலப்படம் என்ற புகாருடன் இன்னொரு பாகம் ஆய்வுக்கு வந்திருக்கிறது. தூளில் குற்றமில்லை. அந்த எஃகில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வந்த பாகத்தில் அது பல மடங்கு இருந்தது. அச்சிடும்போது தூளைப் பிணைத்து வைக்கும் பாலிமரான பைண்டரை முழுமையாக நீக்காமலே, தூளை உருக்காமல் சுட்டு ஒன்றாக இறுக்கும் சின்டரிங் உலைக்குப் பாகத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "உலை 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறதே, மிச்சமிருப்பது எரிந்துவிடாதா?" எரியாது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். உலோகம் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடாது என்பதற்காகவே உலையில் ஆர்கானையோ ஹைட்ரஜனையோ நிரப்புகிறோம், அல்லது வெற்றிடமாக்குகிறோம். அங்கே பைண்டரின் பாலிமர் எரியாமல் சிதைகிறது. ஒரு பகுதி வாயுவாக வெளியேற, மீதி கார்பனாகத் தங்கி இரும்பில் கரைகிறது. வெப்பம் கூடக் கூட நுண்துளைகளும் மூடிக்கொள்வதால், வெளியேறும் வழியை அடைப்பதும் நீங்கள் நம்பிய அதே வெப்பம்தான். குளிரும்போது அந்தக் கார்பன் உலோகத்தின் நுண்ணிய படிகமணிகளின் எல்லைகளில், துருவைத் தடுக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ள, அதை இழந்த இடங்களில் துரு தொடங்குகிறது. அடர்த்திச் சோதனையில் தேறியதே என்று வாதிட வேண்டாம். அடர்த்தி கார்பனைக் காட்டாது. டைட்டானியமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒருமுறை உள்ளே போன கார்பனையும் ஆக்சிஜனையும் அது திருப்பித் தருவதில்லை.

உலோகத்தூளும் பைண்டரும் கலந்த இழையால் அச்சிட்ட பாகத்தை, பைண்டரைக் கரைத்தெடுக்கக் கரைப்பானில் இடும் முன்பும் எடுத்த பின்பும் எடைபோடுங்கள். எடுத்த பாகத்தை நன்கு உலர்த்திய பிறகே எடைபோட வேண்டும். துளைகளில் தங்கிய கரைப்பானையும் சேர்த்து எடைபோட்டுவிட்டு, பைண்டர் போகவில்லை என்று பதறுபவர்களையும் பார்க்கிறோம். பாகத்தின் சுவர்த் தடிமன் இரட்டித்தால் பைண்டர் நீங்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், மெல்லிய பாகத்துக்கு வகுத்த நேரத்தைத் தடித்த பாகத்துக்குக் கொடுக்காதீர்கள். முடிந்தால் வடிவமைப்பிலேயே தடிமனைக் குறைக்கச் சொல்லுங்கள்.

உலையில் வெப்பத்தை ஏற்றும்போது 200 முதல் 600 டிகிரி வரை அவசரம் வேண்டவே வேண்டாம். அங்கே வேகமாக ஏற்றினால் கொப்புளமும் விரிசலும்தான் மிஞ்சும். ஒவ்வொரு பாகத்தையும் வாயு தழுவிச் செல்லுமாறு தட்டில் இடைவெளி விடுங்கள். உங்கள் பாகங்களிலேயே தடித்ததன் அளவுக்கு ஒரு சோதனைத் துண்டை, உலையில் ஒருமுறை ஏற்றும் ஒவ்வொரு சுமையுடனும் வைத்து, அதில் கார்பனை அளந்த பிறகே பாகங்களை அனுப்புங்கள். பைண்டரிலிருந்து வெளியேறி உலையின் குளிர்ந்த மூலைகளில் படியும் மெழுகையும் தாரையும் தயவுசெய்து அவ்வப்போது துடைத்தெடுங்கள். விட்டுவைத்தால் அது அடுத்த சுமையின் மீதுதான் போய்ப் படியும்.