அரைத்தால் மட்டும் போதாது, போகவும் வேண்டும்

சிங்க் அடைத்துக்கொண்டது என்று கூப்பிடுகிறவர்களில் பலர் முதலில் சொல்வது இதுதான்: "மெஷின் நல்லாத்தான் ஓடுது, தண்ணிதான் இறங்க மாட்டேங்குது." கோளாறு எங்கே என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். மெஷின் என்று அவர்கள் சொல்வது, சிங்க்குக்கு அடியில் பொருத்தி உணவுக் கழிவைத் துகளாக்கும் கழிவு அரைப்பானை. அதன் வேலை அரைப்பதோடு முடிந்துவிடுகிறது. அரைத்ததைச் சாக்கடைவரை தள்ளிக்கொண்டு போக வேண்டியது தண்ணீர். பிளம்பராக நான் பார்க்கும் அடைப்புகள் அதிகமும் மெஷினுக்குள் இருப்பதில்லை, அதைத் தாண்டிய குழாயில் இருக்கின்றன.

உள்ளே கத்தி இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. வேகமாகச் சுழலும் ஒரு தட்டு, அதன்மேல் மழுங்கிய உலோகத் துண்டுகள், சுற்றிலும் பல் வைத்த வளையம், அவ்வளவுதான். சுழற்சியில் கழிவு ஓரத்துக்கு வீசப்பட்டு, வளையத்தில் உரசித் துகளாகிறது. 1927-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாம்ஸ் யோசித்துச் செய்த கருவியின் வழி வந்தது இது. கத்தி இல்லாததால் நார் அறுபடாது. சோளத் தோகையும் வெங்காயச் சருகும் கயிறாகத் திரிந்து சுற்றிக்கொள்ளும். ஐஸ் கட்டி போட்டால் கத்தி கூராகும் என்கிற யோசனைக்கும் அர்த்தமில்லை. ஒட்டிய அழுக்கைக் கொஞ்சம் சுரண்டும், சரி.

சோறு, பாஸ்தா போன்றவை அரைபட்டதும் பசையாகிவிடும். காபித் தூள் குழாயின் வளைவில் படியும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட மோசமானது எண்ணெயும் கொழுப்பும்தான். "வெந்நீர் ஊற்றித்தானே விட்டேன்" என்பார்கள். வெந்நீர் கொழுப்பை உருக்கி, நம் கைக்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய் உறைய விடுகிறது. சாக்கடையில் அது கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரிக் கெட்டிப்படும். 2017-இல் லண்டன் வைட்சேப்பலில் கண்டுபிடித்த கொழுப்பு அடைப்பு 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. ஈரத் துடைப்பான்களும் அதில் சிக்கியிருந்தன. அதனால் வாணலியைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள்.

மெஷினை ஓட்டும்போது குளிர்ந்த நீரை முதலில் திறந்து, கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அரைக்கும் சத்தம் அடங்கிய பிறகும் 15, 20 விநாடி தண்ணீர் ஓடட்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைக்கும் வீடுகளில்தான் குழாய் சீக்கிரம் அடைக்கிறது. செப்டிக் டேங்க் உள்ள வீடாக இருந்தால், நான் இந்த மெஷினையே சிபாரிசு செய்வதில்லை. திடக்கழிவு சேர்ந்து தொட்டி சீக்கிரமே நிறைந்துவிடும்.

மெஷின் சுழலாமல் உறுமினால் உடனே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். பல மாடல்களில் அடியில் நடுவே ஒரு துளை இருக்கும். ஆலன் கீயை (அறுகோண முனை கொண்ட, L வடிவத் திருகுசாவி) அதில் விட்டு இரு பக்கமும் திருப்பினால் சிக்கியது விடுபடும். அதை இடுக்கியால் எடுங்கள், கையை விடாதீர்கள். அப்புறம் அடியில் உள்ள சிவப்பு ரீசெட் பட்டனை அமுக்கினால் போதும்.

அடைப்பு எடுக்க என்று ஊற்றும் சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரை நன்றாக வரும். ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டு கடைசியில் மிஞ்சுவது ஒரு வகை உப்பு கரைந்த தண்ணீர்தான். கெட்டியான அடைப்புக்கு அது எதுவும் செய்யாது. ரப்பர் பிளஞ்சரை, அதாவது கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணத்தை, எடுங்கள். இரட்டைச் சிங்க் என்றால் மற்றதன் துளையை ஈரத்துணியால் இறுக்க மூடிவிட்டு அமுக்குங்கள், இல்லையென்றால் காற்று அந்தப் பக்கமாகப் போய்விடும்.

அடைப்பு நீக்கும் ரசாயனம்தான் எனக்குப் பயம். காஸ்டிக் சோடா சூடேறித் தெறிக்கும். அமில வகையோடு பிளீச்சிங் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், பிளம்பர் வந்ததும் எதை, எப்போது ஊற்றினீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். வளைவுக் குழாயைக் கழற்றும்போது அந்தத் தண்ணீர் கொட்டுவது எங்கள் கையிலும் முகத்திலும்தான். புட்டியை எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.